முதல் இரண்டு மாதம்

அரிமளம் வட்டாரத்து மகளிர் சுய உதவிக் குழுக்களின் அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களிடம் ஒரு வேலை கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் தெருவில் ஒருவருக்குக் காசநோய் என்று சோதனையில் தெரிந்தால், அவருடைய முதல் இரண்டு மாதத்தை உங்கள் குழு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை தர ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. சளியைச் சோதிக்க நல்ல கருவிகள் வந்துவிட்டன. அந்த ஆள் சாப்பிடுகிறாரா, எழுந்து நடமாடுகிறாரா, போன வாரத்துக்கு இந்த வாரம் உடம்பு தேறியிருக்கிறதா என்று அன்றாடம் பார்க்கத்தான் ஆள் வேண்டும். மருத்துவமனை எவ்வளவு முயன்றாலும் அதைச் செய்ய முடியாது. பக்கத்து வீட்டால் முடியும்.

டாக்டர்களுக்கும் அதிகாரிகளுக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது நானும் ஒரு தொண்டனாக ஊர் ஊராகப் போனேன். உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். எழுத்தோடு சைக்கிளும் பழகிய பெண்கள் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாலைகளில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கல்குவாரிகளைக் குழுவாகக் குத்தகைக்கு எடுத்துத் தாங்களே கணக்குப் பார்த்து நடத்தினார்கள். மேலிருந்து வந்த ஓர் அரசுத் திட்டத்தை ஊர்ப் பெண்கள் எடுத்துக்கொண்டால் அது என்னவாக மாறும் என்று நேரில் பார்த்தவன் நான். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

காசநோயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் இறந்துபோகிறார்கள். கண்டுபிடிக்கும்போதே உடம்பு ஒடுங்கிப் போயிருக்கும். மருந்து தன் வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் அது வேலை செய்து முடிக்கும்வரை தாக்குப்பிடிக்க அந்த உடம்பில் தெம்பு இருக்காது. வீட்டில் என்ன சொல்வார்கள்? 'மருந்து சாப்பிட்டும் போய்விட்டாரே' என்பார்கள். அந்தச் சொல் தெருவெல்லாம் பரவி, அடுத்து இருமுகிறவரும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவார். ஒரு சாவு இன்னொரு சாவுக்கு இப்படித்தான் வழி செய்கிறது.

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு மாநிலக் காசநோய்ப் பிரிவு நடத்தும் திட்டம் இது. இதன் முக்கியமான கருவி ஒரு தாள். நோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் அந்தத் தாளை நிரப்ப வேண்டும். எடை என்ன, உயரம் என்ன, இரண்டு காலிலும் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் எவ்வளவு காட்டுகிறது, எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா. இவ்வளவுதான் கேள்வி. இதற்கு எக்ஸ்ரே தேவையில்லை, ரத்தம் எடுக்கவும் தேவையில்லை. மூச்சு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினால், ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாவிட்டால், அல்லது உயரத்துக்கான எடை படுமோசமாகக் குறைந்திருந்தால் அவரை மாத்திரையை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டாக்டர் முழுதாகப் பார்த்து, படுக்கையில் சேர்த்துத் தேற்ற வேண்டும்.

எடை படுமோசம் என்றால் எவ்வளவு? உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கில் 14, அதற்கும் கீழே. கிலோவில் சொல்கிறேன். 150 செ.மீ. உயரமுள்ள பெண் என்றால் 31½ கிலோ. 160 செ.மீ. ஆண் என்றால் 36 கிலோவுக்குச் சற்றுக் கீழே. இரண்டு காலும் வீங்கியிருந்தால் பி.எம்.ஐ. 16 வரை இருந்தாலும் ஆபத்துதான்; அந்தப் பெண் 36 கிலோ இருந்தாலும் நம்பக் கூடாது, நீர் கோத்த எடை அது. இந்த எடையில் நடமாடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'அவரு எப்பவுமே ஒல்லிதான்' என்று சொல்லிக் கடந்திருப்போம். அப்படி மோசமான நிலையில் இருக்கும் காசநோயாளி இறப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பத்திலிருந்து ஐம்பது வரை என்று திட்டத்தை நடத்துகிறவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நிலையை எட்டாதவருக்கு ஒன்றிலிருந்து நான்குதான். 2025இல் இந்தக் கணக்கைப் பணியாளர்கள் பயன்படுத்தும் செயலியிலேயே சேர்த்துவிட்டார்கள். தாளை நிரப்பிய உடனே ஆபத்தின் அளவு கண்ணுக்குத் தெரியும்.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாடு இந்த வைத்தியத்திலிருந்து எப்படி நழுவியது என்பது அதில் இருக்கிறது.

எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 42. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற முதல் நல்ல மருந்து அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அதுவரை வைத்தியம் என்றால் ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை. அதற்காகத்தான் டாக்டர் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். இன்றைக்கும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர்தான். ஆனால் நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ சில நூறு. மருந்துகள் வந்த பிறகும் கேள்வி அப்படியே நின்றது: சானடோரியத்தில் இடம் கிடைக்காத ஏழை என்ன செய்வான்?

அந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது சென்னைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து 1956இல் சென்னையில் ஒரு காசநோய் மையம் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை முன்னின்று நடத்தினார். நகரத்து ஏழைகளில் 193 நோயாளிகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு அதே மாத்திரைகளைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான குடியிருப்பு, மட்டமான சாப்பாடு, ஓய்வும் குறைவு. ஆனாலும் அவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகமெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்தது. சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பழைய மையம்தான்.

ஏழைகளுக்கு இவ்வளவு பெரிய நன்மை செய்த ஆராய்ச்சி குறைவு. குடும்பத்தைப் பிரிந்து ஒரு வருடம் கட்டிலில் கிடக்க வேண்டியதில்லை என்ற விடுதலையை அது கொடுத்தது. வீட்டில் அந்த மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுத்த கைகள் எத்தனையோ மனைவிகளுடையவை, தாய்களுடையவை. அவர்கள் பெயர் எந்த ஆய்விலும் இல்லை. ஆனால் அந்த முடிவிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பாடத்தில் பாதி பிசகிவிட்டது என்பது என் எண்ணம். மட்டமான சாப்பாட்டோடும் குணமாக முடியும் என்று அந்த ஆய்வு காட்டியது. அதைச் சாப்பாடு ஒரு பொருட்டே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். மாத்திரையை எண்ணினோம், சளியைச் சோதித்தோம். நோயாளி என்ன தின்கிறான் என்று ஐம்பது அறுபது வருடம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கேட்டவர்கள் ஜார்க்கண்டில் கேட்டார்கள். டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா, அவர்களோடு நம் சென்னை ஆராய்ச்சி நிறுவனத்தவர்களும் சேர்ந்து 2019 முதல் 2022 வரை நடத்திய ஆய்வு அது. 'ரேஷன்ஸ்' என்று அதற்குப் பெயர். 2,800 நோயாளிகள், அவர்களுடைய வீட்டாட்கள் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதா மாதம் அரிசி, பருப்பு, எண்ணெய், பால்பவுடர், சத்து மாத்திரை கொடுத்தார்கள். குடும்பங்களில் ஒரு பங்குக்கு மட்டும் வீட்டில் மற்றவர்களுக்கும் சேர்த்து உணவுப்பொருள் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசி அளவுக்கு வேலை செய்தன என்றால் நம்ப முடிகிறதா? இத்தனைக்கும் பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயைத் தடுக்க பி.சி.ஜி. ஊசி உதவவில்லை என்று நம் செங்கல்பட்டில் பல லட்சம் பேரிடம் நடத்திய சோதனை ஏற்கெனவே காட்டியிருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு உண்டு. என் மடல் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் ஏறிய நோயாளிகளுக்கு, ஏறாதவர்களைவிடச் சாகும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. நாற்பது கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்றால் இரண்டு கிலோ. அந்த இரண்டு கிலோவைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எப்படி என்றும் சொல்கிறேன். நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு தருகிறது. 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கிய உதவி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. நோய் தெரிந்த உடனே முதல் 3,000 முன்பணமாகவும், 84 நாள் மருந்து முடிந்ததும் அடுத்த 3,000மும் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். ஆனால் கணக்கே இல்லாதவர் உண்டு. இருக்கிற கணக்கு ஆதாரோடு சேராமல் கிடப்பதும் உண்டு. மகன் பேரில் உள்ள பாஸ்புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, பணம் வரும் வரும் என்று காத்திருக்கும் அப்பத்தாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வங்கிக்குப் போய் மேலாளரிடம் நின்று பேசிக் காரியத்தை முடிக்க உங்களைவிடத் தெரிந்தவர்கள் யார்? முதல் 3,000 முதல் மாதத்திலேயே கைக்கு வந்துவிட்டால் அதன் மதிப்பே வேறு. மூன்றாம் மாதம் வந்தால் முட்டை வாங்க வேண்டிய காலம் கடந்திருக்கும்.

அதோடு 'நிக்‌ஷய் மித்ரா' என்று ஓர் ஏற்பாடு 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. தனி ஆளோ, கடையோ, சங்கமோ, மகளிர் குழுவோ ஒரு நோயாளியை ஆறு மாதத்துக்கு ஏற்றுக்கொண்டு உணவுப்பொருள் கொடுக்கலாம். பெரியவருக்கு மாதத்துக்கு 3 கிலோ அரிசி அல்லது சிறுதானியம், ஒன்றரைக் கிலோ பருப்பு, 250 கிராம் எண்ணெய், ஒரு கிலோ பால்பவுடர் அல்லது நிலக்கடலை, முடிந்தால் 30 முட்டை என்று அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ரேஷன் அரிசி நம் வீடுகளில் ஏற்கெனவே உண்டு; நிலக்கடலையோ நம் மண்ணில் விளைவது. பருப்பும் முட்டையும்தான் கூடுதலாக வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் குடும்பங்கள் வெளியூரில் இருந்தாலும் இந்த ஊருக்குச் செய்ய மனம் உள்ளவர்கள். கோயில் காரியத்துக்குக் கேட்பதுபோல இதற்கும் கேளுங்கள். ஆனால் பொருளை வாங்கிக் கொடுத்துப் போட்டோ எடுப்பதோடு நிறுத்தினால் அது வீட்டில் ஐந்து பேருக்குப் பங்காகிவிடும், நோயாளி பெண்ணாக இருந்தால் அவளுக்குக் கடைசிப் பங்கு. அவள் வயிற்றுக்குப் போகிறதா என்று பார்க்கிறவர் வேண்டும். வாரம் ஒருமுறை எடை போட்டால் அது தெரிந்துவிடும். எடை ஏறாவிட்டால் சும்மா இருக்கக் கூடாது. மருந்து ஒழுங்காகப் போகவில்லையா, சர்க்கரை கட்டுக்குள் இல்லையா, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்று டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு மாதத்தில்தான் மாத்திரையை விடுவதும் நடக்கிறது. தினமும் ஒரே வேளையில் எடைக்குத் தகுந்த எண்ணிக்கையில் சாப்பிட வேண்டிய கூட்டு மாத்திரை அது. முதல் நாளே சிறுநீர் சிவப்பாகப் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது, கெடுதல் இல்லை. குமட்டும், வாய்க்கசப்பு இருக்கும், அதைத் தாண்டிவிடலாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஒரு மாதத்தில் இருமல் குறையும், 'எனக்குச் சரியாப்போச்சு' என்பார். அந்தச் சமயத்தில் விட்டால் கிருமி திரும்ப எழும், இரண்டாவது முறை மருந்துக்கு அடங்காமலும் போகலாம். குடிக்கிற ஆண்களிடம் இது இன்னும் கடினம். மருந்தும் சாராயமும் சேர்ந்து ஈரலைக் கெடுக்கும். கண்டிக்கிற வேலையை மனைவி தலையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்; அவள் சொல்லிக் களைத்திருப்பாள். குழுவாகப் போய் நில்லுங்கள்.

இதெல்லாம் நோய் தெரிந்த பிறகு. தெரிவதற்கு முன்னால் வீணாகும் நாட்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், காசநோய்க்கான அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை என்று தெரிந்தது. மூன்றில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் தெரிந்தது. கண்டுபிடித்த நோயாளிகளில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் எக்ஸ்ரேயால்தான் சிக்கினார்கள். இருமலை மட்டும் கேட்டுத் தேடியிருந்தால் அவர்கள் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். அதனால்தான் இப்போது கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே கருவியோடு ஊருக்குள் முகாம் போடுகிறார்கள். முகாம் வரும் நாளில் நம் ஆட்கள் தைல மரக் காட்டிலோ, வேலைத்தளத்திலோ, திருப்பூர் பஸ்ஸிலோ இருப்பார்கள். யார் யார் படம் எடுக்க வேண்டும் என்று முதல் நாளே நீங்கள் பட்டியல் வைத்திருந்தால் அந்த வண்டி வந்து போவதற்கு அர்த்தம் இருக்கும்.

பட்டியலில் முதலில் யார்? ஏற்கெனவே காசநோய் இருந்த வீட்டின் ஆட்கள், ஒருமுறை வந்து குணமானவர்கள், சர்க்கரைக்காரர்கள், குடிப்பவர்கள், வயதான ஒல்லி ஆட்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் தன்னார்வலர்கள் உங்கள் குழுக்களிலேயே இருக்கிறார்கள். மாத்திரையைக் கொடுக்கும்போது 'இருமல் எத்தனை நாளாய்?' என்று ஒரு கேள்வி சேர்த்தால் போதும். கல்குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்கிறவர்களை நான் தனியாகச் சொல்கிறேன். கல் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும். அந்த நுரையீரலில் காசநோய் மிக எளிதாக இடம் பிடிக்கும். திருமயம் பக்கத்துப் பாறையை உடைத்து நம் வீடுகளைக் கட்டுகிற ஆட்கள் அவர்கள். அவர்கள் நெஞ்சை வருடம் ஒருமுறையாவது படம் பிடித்துப் பார்ப்பது நம் கடமை. முதலாளி கூட்டிப்போகாவிட்டால் குழு கூட்டிப்போகட்டும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளி கொடுக்க வேண்டும். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, சளியில் ரத்தம் — இதில் எது இருந்தாலும் கொடுக்கலாம். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு 'ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க' என்று வருகிறவர்கள் நிறைய. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுத்தால்தான் அது சளி. ட்ரூநாட் என்று நம் நாட்டிலேயே, கோவாவில் செய்கிற கருவி சில மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று இரண்டையும் சொல்லிவிடும். அவ்வளவு நல்ல கருவிக்கு எச்சிலைக் கொடுத்து என்ன பயன்? மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி மூன்று வாரம் ஓட்டுவதும் அப்படித்தான். சில ஆன்டிபயாடிக்குகள் காசநோயைப் பாதி அமுக்கி, சோதனையில் தெரியாமல் மறைத்துவிடும்.

வெளிநாட்டுக்குப் போகும் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போக மெடிக்கல் பார்க்கும்போது நெஞ்சுப் படம் எடுப்பார்கள். காசநோய்த் தழும்பு தெரிந்தாலே வளைகுடா நாடுகளுக்குத் தகுதியில்லை என்று திருப்பிவிடுகிறார்கள். அந்தப் பயத்தில் இருமலை மறைக்கிற பையன்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கடனை வாங்கி ஏஜென்டிடம் கட்டியிருப்பான், மறைக்காமல் என்ன செய்வான் என்று அவன் பக்கத்திலிருந்தும் எனக்குப் புரிகிறது. ஆனால் நோய் முற்ற முற்றத்தான் தழும்பு பெரிதாகும். முதல் மாதத்திலேயே கண்டு மருந்து சாப்பிட்டவனுடைய நெஞ்சு தெளிவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அவன் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவள் சொன்னால் அவன் கேட்பான். பாதி மருந்தில் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போகிறவனுக்கும் வழி உண்டு. நிக்‌ஷய் எண் ஒன்று கொடுத்திருப்பார்கள். அதைக் காட்டினால் நாட்டில் எந்த அரசு மருத்துவமனையிலும் மீதி மருந்தைத் தொடரலாம்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களையும் சோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள். வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு வாரம் சாப்பிடும் முறையும் அதில் உண்டு. 'நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை' என்று மறுக்கிறவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்கள்தான். அவர்களிடம் பேச உங்கள் குழுவின் மூத்தவர்களை அனுப்புங்கள்.

தட்டைத் தனியாக வைப்பது, படுக்கையைத் திண்ணைக்குத் தள்ளுவது, பெண்ணுக்கு நோய் என்றால் அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆறு மாதம் எட்டிப் பார்க்காமல் இருப்பது. இதையெல்லாம் நிறுத்த உங்களால்தான் முடியும். தட்டாலோ துணியாலோ தொடுவதாலோ இது பரவாது. இருமும் காற்றில் பரவும். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை வாயை மூடி இருமுவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும் போதும். முற்றம் வைத்த வீட்டில் காற்று தானாக வரும். ஒற்றை அறையில் கதவைச் சாத்திப் படுக்கிற வீடுதான் கவலை. அங்கே ஒரு ஜன்னல் வைக்க உங்கள் குழுக் கடனில் இடம் உண்டா என்று பாருங்கள். மணமாகாத பெண்ணுக்கு வந்தால் வீட்டார் ஊரை விட்டுத் தொலைவில் போய் மருந்து வாங்குகிறார்கள். அவர்கள் ரகசியத்தைக் காப்பாற்றுங்கள். குழுவில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். தீர்மானத்தில் பெயர் எழுத வேண்டாம், வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம். நோயாளி சம்மதிக்காமல் எந்த உதவியும் அவர் வாசலுக்குப் போகக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

உங்கள் ஊராட்சிகளில் 'காசநோய் இல்லா ஊராட்சி' விருது பற்றிப் பேசுகிறார்கள். ஒரு வருடம் தகுதி பெற்றால் வெண்கலத்தில் காந்தி சிலை, அடுத்தடுத்து நிலைத்தால் வெள்ளி, தங்கம். ஆயிரம் பேருக்கு ஒருவருக்கு மேல் நோயாளி இருக்கக் கூடாது என்பது விதிகளில் ஒன்று. ஆயிரம் பேருக்கு 30 பேரையாவது சோதித்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது விதியைத்தான் நீங்கள் கிராம சபையில் கேட்க வேண்டும். இரண்டாயிரம் பேர் உள்ள ஊரில் இந்த வருடம் 60 பேர் சளி கொடுத்தார்களா? யார் யார் கொடுத்தது, இருமுகிறவர்களா, எண்ணிக்கைக்காகப் பிடித்து வந்தவர்களா? சோதிக்காத ஊரில் நோயாளி குறைவாகத்தான் தெரிவார்கள். அது விருதுக்குரிய விஷயம் இல்லை. நோயாளி அதிகம் கண்டுபிடிக்கப்பட்ட ஊரைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், அங்கேதான் வேலை நடந்திருக்கிறது என்று எழுந்து சொல்லுங்கள். 2025க்குள் காசநோயை ஒழிப்பதாக நாடு எடுத்துக்கொண்ட இலக்கு கடந்துபோய்விட்டது. அதிகாரிகளுக்கு அடுத்த இலக்கு வரும். இராயவரத்திலோ கே.புதுப்பட்டியிலோ இன்று இருமிக்கொண்டிருக்கிறவருக்குத் தேதி முக்கியம் இல்லை.

கிராம சுகாதார செவிலியரும், காசநோய்ப் பிரிவின் மேற்பார்வையாளரும் நிறைய ஊர்களை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர்கள். பைக்கில் வெயிலில் சுற்றி, பூட்டிய வீட்டைத் தட்டி, திட்டு வாங்கித் திரும்புகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் வரும்போது கூட நடக்க ஆள் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். தாளில் எடையும் உயரமும் எழுதினார்களா என்று நோயாளியின் சார்பில் கேளுங்கள். 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ' என்று எழுதிக் கொடுத்தால், புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிக்கு பஸ் ஏற்றி, வார்டில் சேர்க்கும்வரை ஒருவர் கூடப் போங்கள். எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப்பையில் கிடக்க, ஆள் வீட்டிலேயே இறந்துபோவது நடக்கக் கூடாது. கூடப் போகிறவருக்கு அன்றைய கூலியைக் குழு கொடுக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் இதை ஒரு பொருளாக எழுதுங்கள். இரண்டு பேரைப் பொறுப்பாகப் போடுங்கள், ஒருவர் சாப்பாட்டையும் எடையையும் பார்க்க, இன்னொருவர் வங்கிக் காரியத்தையும் ஆஸ்பத்திரிப் பயணத்தையும் பார்க்க. சந்தேகம் வந்தால் 104க்குப் போன் செய்யலாம். காசநோய்க்கென்றே 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. எடை போடும் கருவி அங்கன்வாடியில் இருந்தால் வாரம் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். முதலில் தீர்மானம் போடுகிற குழுவுக்குக் கருவி என் செலவு.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவொளித் தொண்டன்,
அரிமளம்